சீமாட்டி நலம், பெரும்பாலும்

ஹார்ன் ஃபோர்க் முகாம்
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய ஹோபர்ட் ஸ்காக்ஸ் ஐயா அவர்களுக்கு,

வெஸ்டன் ப்ரூயிட் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் துணைவியாரும் தங்கள் மகள் ரேலினும் இங்கு நலம். தங்கள் புது முழங்காலின் நலம் அறிய ஆவல். சீமாட்டியும் நலம். பெரும்பாலும்.

இந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். கல்லூரியில் என் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உண்மையான சொல் என்றால், அழகாக இல்லாவிட்டாலும் விட்டுவை. விட்டுவைத்திருக்கிறேன்.

மலையில் கைபேசி எடுக்காது. அதனால் கடிதம். கிளீட் வான்ஸ் ஞாயிறு ஆராதனைக்குக் கீழே இறங்குகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலிலேயே போட்டிருக்கலாம். ஆனால் வந்து விழுவதற்குத் தங்கள் வீட்டில் இப்போது தபால்பெட்டி இல்லை. அதில் எனக்கும் பங்குண்டு என்பது தாங்கள் அறிந்ததே.

புதன்கிழமை மாலை தாங்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது. சோபாவில் காலை நீட்டியிருந்தீர்கள். டிவி ரிமோட்டை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தீர்கள். "தம்பி, சீமாட்டிய நீ ஓட்டிட்டுப் போற. வியாழக்கெழம மத்தியானத்துக்குள்ள ஓடையோரம் நம்ம எடத்துல நிறுத்துற. ஞாயித்துக்கெழம முடிஞ்சு பத்திரமாக் கொண்டாந்து வாசல்ல விடுற. நீ ஓட்டி, அவ மேல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா, எம்பொண்ண மறந்துடு. விழலைன்னா, ஒக்காந்து கல்யாணத்தப் பேசுவோம்." நான் தலையாட்டினேன். பிறகு, அவசியமே இல்லாமல், ஒன்றைச் சேர்த்துக்கொண்டீர்கள்: "வில்மாகிட்ட ஸ்டியரிங்கக் குடுத்துடாத. அவளுக்கு வண்டியோட ஒடம்பு பிடிபடாது." தங்கள் துணைவியார் இருந்த சமையலறையில் ஒரு மூடி கீழே விழுந்தது. அல்லது வைக்கப்பட்டது. சத்தமாக.

வியாழன் காலை நான், கட்டிலும் ஃபிரிட்ஜும் கொண்ட அந்த வீட்டு வண்டியை வாசலிலிருந்து எடுத்ததை ஜன்னல் வழியாக நீங்களே பார்த்தீர்கள். மீன் வடிவத் தபால்பெட்டி கம்பத்தோடு சாய்ந்ததையும் பார்த்தீர்கள். நான் உண்மையில் இடதுபக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி வலதுபக்கம் இருந்தது. தங்கள் தங்கை ஒலேட்டா பூதக்கண்ணாடியோடு ஓடிவந்து பம்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு ஒண்ணும் ஆவல, மீனுக்குத்தான் சேதம்" என்று உங்களுக்குக் கேட்கும்படி கத்தினார். கீறல் இல்லை. அந்த நேரத்தில் நான் இன்னும் தங்கள் மருமகனாகக் கூடியவன்.

வளைவு தாண்டி, கோவில் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தினோம். ஏன் என்பது முக்கியமல்ல. இளைப்பாறல். பிறகு கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன்.

தனி வரியாகவும் எழுதிவிடுகிறேன்.

நான்தான் ஓட்டினேன்.

ஓட்டுநர் இருக்கை நன்றாக முன்னால் இழுக்கப்பட்டு, அதன்மேல் ஒரு தலையணையும் இருப்பதைத் தாங்கள் நாளை கவனிக்கக்கூடும். என் உயரம் தங்களுக்குத் தெரியும். கதவு நிலையில் குனிந்து வரச்சொல்லி எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறீர்கள். முழங்கால் காதைத் தொட, தலை கூரையைத் தொட உட்கார்ந்து ஓட்டினால் கவனம் கூர்மையாகும் என்று எங்கோ படித்தேன். அதன்படி.

மலைப்பாதை. மூடுபனி. பீச் என்ற காட்டு மரங்கள் புது இலையோடு. ஒவ்வொரு வளைவிலும் உள்ளே அலமாரியில் பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசின. தங்கள் துணைவியார் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே, கியரை மாற்றி — மாற்றச் சொல்லி எனக்கு ஆலோசனை தந்துகொண்டே வந்தார். நான் அவரை மேடம், மேடம் என்று அழைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது வளைவில் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, மேடம் கீடம்னு சொல்லிக்கிட்டு. நான் என்ன பாங்க்குல கவுன்ட்டர்லயா ஒக்காந்திருக்கேன்? அத்தைன்னு கூப்புடு." நான் சொன்னேன்: "ஐயா இன்னும் சம்மதிக்கலையே." அவர் சொன்னார்: "அந்தாளு கெடக்கான். இப்ப பேசாம வா, எனக்குக் கவனம் செதறுது."

கவனம் சிதறுகிறது என்று அவர் சொன்னது பாட்டைப் பற்றி. கடினமான பாட்டு.

இங்கேதான் முதல் விஷயம். இதைச் சுருக்கமாகச் சொல்ல எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை, ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திடீரென்று பனிக்குள்ளிருந்து வந்தது, ஒதுங்க வேண்டும், ஒதுங்கியது சரியான முடிவு, தாங்களே இருந்தாலும் ஒதுங்கியிருப்பீர்கள், ஆனால் ஒதுங்கிய பக்கத்தில் ஒரு பீச் மரம் தன் கையை ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு நின்றது, அந்தக் கை சீமாட்டியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருந்த பந்தல் துணியைப் பிடித்தது, நாங்கள் போனோம், துணி வரவில்லை, பிறகு துணியும் வந்தது, ஆனால் இரண்டாக வந்தது, அதோடு நிற்காமல் கிளை மேலே போய்க் கூரையில் இருந்த ஏசி மூடியைத் தொட்டுப் பார்த்தது, அந்த மூடி எப்போதுமே கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும் என்று ரேலின் சொல்கிறாள், அது ஆடியது, பறந்தது, ரோட்டில் உருண்டது. லாரிக்காரர் நல்ல மனிதர். நிறுத்தினார். மூடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்து, "ஏம்மா, ஒங்க வண்டித் தொப்பி விழுந்திருச்சு பாருங்க" என்றார்.

'அம்மா' என்று அவர் அழைத்தது என்னை. பனி அடர்த்தி.

நண்பகலுக்குச் சற்று முன்னால் ஹார்ன் ஃபோர்க் வந்து சேர்ந்தோம். ஓடையோர இடம் காலியாக இருந்தது. முற்றிலும் காலி என்று சொல்லமுடியாது. நடுவில் கிளீட் வான்ஸ் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் அளவு நாடா. மறு கையில் கைக்கடிகாரம், கையில் கட்டாமல் கழற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டடித்தால் இடம் அவருடையது. தீயணைப்புத் தொண்டர்களின் காட்டுப்பூண்டு விருந்துக்கு ஓடையோர அத்திமரத்தடியில் யார் வண்டி நிற்கிறதோ அவர்தான் அந்த வருடம் பெரிய வாணலிக்கு எஜமானர், உருளைக்கிழங்கு அவர் கையால்தான் வறுபடும் என்ற வழக்கத்தை நான் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பத்தொன்பது வருடமாக அந்த வாணலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் நீங்கள். எங்களைப் பார்த்ததும் கிளீட் நாடாவைச் சுருட்டினார். முகமும் சேர்ந்து சுருண்டது. பிறகு, அவருக்கே உரிய முறையில், தேறிக்கொண்டார். "எல்லாரும் நாற்காலியக் கொண்டாங்கடே! ஸ்காக்ஸ் வண்டி ரிவர்ஸ் போவுது!"

வந்தார்கள். நாற்காலியோடு. ஒருவர் மக்காச்சோளப் பொரிப் பொட்டலத்தோடு. வண்டி பின்வாங்குவதைப் பார்ப்பது இந்த முகாமில் வாணவேடிக்கை மாதிரி என்று ரேலின் முன்பே சொல்லியிருந்தாள். தாங்கள் பின்வாங்கும்போது அத்தை பின்னால் நின்று கை காட்டுவதும், தாங்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துவதும், நாலைந்து முறை முன்னும் பின்னும் போய், கடைசியில் வண்டி கோணலாக நிற்பதும், "இது நேராத்தான் நிக்குது, பூமிதான் கோணல்" என்று தாங்கள் இறங்குவதும் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். கிளீட் நடித்தே காட்டினார். மன்னிக்கவும். நன்றாக நடித்தார்.

ஐயா, ஒரே முறையில் உள்ளே போனது.

இதை எப்படிச் சொல்வது. ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் அத்திமரம், நடுவே சீமாட்டியைவிடக் கொஞ்சமே அகலமான இடம். வண்டி மெல்ல வளைந்தது. ஒரு மூச்சு விடுவது போல. பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தபடி என்னை நோக்கி வந்தன. அதாவது, பின்னால் யாராவது நின்றிருந்தால் அவரை நோக்கி வந்திருக்கும். பின்னால் நின்றவன் கை காட்டவேண்டும் என்பதையே மறந்து கையைத் தொங்கப்போட்டு நின்றிருப்பான். சக்கரம் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. நின்றது. நேராக. பூமியும் நேராகத்தான் இருந்தது. முகாமே எழுந்து நின்று கைதட்டியது. பொரிக்காரர் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டார். கிளீட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "தாயீ!" என்றார்.

அது ஒரு வியப்பொலி. கடவுளே என்பது போல.

எனக்கே தெரியாமல் எனக்குள் இப்படி ஒரு திறமை இருந்திருக்கிறது. மனிதன் தன்னை எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறான். கிளீட் இது பற்றித் தங்களிடம் வேறு மாதிரி ஏதாவது சொன்னால் பொருட்படுத்தவேண்டாம். அவருக்கு வலது கண்ணில் புரை.

வெள்ளிக்கிழமை காட்டுப்பூண்டு பிடுங்க எல்லோரும் வடக்குச் சரிவுக்கு ஏறினோம். நல்ல விளைச்சல். மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகள் நனையக்கூடாதே என்று எல்லாருடைய மூட்டையையும் சீமாட்டிக்குள் அடுக்கினோம், அதுதான் பெரிய வண்டி. காலணிகள் காயட்டும் என்று ஹீட்டரையும் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, கொட்டகைக்குப் போய் முதல் பிடிப் பூண்டை முட்டையோடு வதக்கிச் சாப்பிட்டோம். யோசனை என்னுடையது. ஹீட்டர் யோசனை. பிடுங்கிய பூண்டு ஒரு மாலை முழுக்க வெந்நீர்க்குளியல் போல அந்த வெப்பத்தில் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் வாடை தெரியவில்லை. ஏனென்றால் நாங்கள் எல்லோருமே அந்த வாடைதான்.

மாலை ரேலின் ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து நேராக வந்தாள். ஆசையாகக் கதவைத் திறந்தாள். மூடினாள்.

"அம்மா, உள்ள யாரு செத்துட்டா?"

"ஒண்ணுமில்லடி, பூண்டு."

"பூண்டா? சீட்டு, மெத்த, கர்ட்டன் எல்லாம் பூண்டு! இந்த வண்டிய இனிமே ஓட்ட முடியாது, வதக்கித்தான் திங்கணும்." பிறகு சுற்றிவந்து பந்தலைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வெஸ்டன், அப்பா ஒன்ன உரிச்சுத் தொங்கவிடப் போறாரு."

"தெரியும்" என்றேன்.

"நீயா ஓட்டுன?"

அத்தை வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, "நான்தான்" என்றேன். ரேலின் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றிரவு தன் காரிலேயே படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வாடை போகட்டும் என்று சீமாட்டியின் கதவை விரியத் திறந்துவைத்தோம். திறந்துவைத்தேன். நான். எல்லோரும் கொட்டகையில் உட்கார்ந்து பூண்டைக் கழுவி வேர் கிள்ளிக்கொண்டிருந்தோம். முகாமிலேயே நல்ல ஃபிரிட்ஜ் தங்களுடையது என்பதால் விருந்துக்கான பன்றி இறைச்சி முழுவதும் சீமாட்டிக்குள் இருந்தது என்பது எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். இல்லை. ஆனால் சரிவுக்கு மேலே ஒருவருக்கு நினைவிருந்தது.

முதலில் ஹாரன் சத்தம். நீளமாக. கிளீட் நிமிர்ந்தார். "ஹோபர்ட்டு வந்துட்டானா?" திரும்பிப் பார்த்தோம். ஓட்டுநர் இருக்கையில் கரடி. முன்னால் இழுத்துவிட்ட இருக்கையில் வசதியாக உட்கார முடியாமல் ஸ்டியரிங்கில் நெஞ்சை அழுத்திக்கொண்டு, வாயில் இறைச்சிப் பொட்டலத்தோடு, எங்களைப் பார்த்தபடி இருந்தது. நகராமல். நாங்களும் நகராமல். கிளீட் மட்டும் மெதுவாக, "பாருங்கடே, இவனும் ஒழுங்காத்தான் ஒக்காந்திருக்கான், இவனையும் ஒரு தடவ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கரடியின் தனிமை பற்றி. அதற்குள் அத்தை எழுந்து, தங்கள் பெரிய வாணலியைத் தூக்கி — இருவர் தூக்கும் வாணலி, ஐயா — கரண்டியால் அதன் அடியில் அறைந்துகொண்டே வண்டியை நோக்கி நடந்துவிட்டார். அவர் கத்தியது இது: "எந்திரி! எந்திரிங்கறேன்! வெயில் எங்க வந்துருச்சு பாரு, இன்னும் ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்து தின்னுக்கிட்டு! எந்திரிச்சுப் போய் ஒரு வேலையப் பாரு!"

கரடி எழுந்தது. பொட்டலத்தைப் பணிவாகக் கீழே வைத்தது. வந்த வழியே இறங்கி, தலை குனிந்து, சரிவில் ஏறிப் போய்விட்டது. "இந்தப் பாட்ட அத்தை எங்க கத்துக்கிட்டாங்க?" என்று ரேலினிடம் கேட்டேன். "வீட்டுல தெனமும் காலையில பாடுறதுதான்" என்றாள்.

சேத விவரம்: இருக்கைத் துணி கிழிசல். கதவு வலை இல்லை. ஏணிப்படி கோணல். ஹாரன் இப்போது இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் தானாக அடிக்கிறது.

சாயங்காலம் விருந்து. இறைச்சி பாதிதான் மிஞ்சியது. ஆனால் கரடி கதையால் கூட்டம் இரண்டு மடங்கு. வாணலியை யார் தொடுவது என்று கேள்வி வந்தபோது கிளீட் எழுந்தார். அவர்தான் கேட்பார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் தங்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிவந்து அடுப்புப் பக்கத்தில் போட்டு, சீமாட்டியிலிருந்து தங்கள் பழைய தொப்பியை எடுத்துவந்து அதன்மேல் வைத்தார். "வாணலி ஸ்காக்ஸ் வீட்டுது. வாத்தியாரே, வந்து கிண்டு. கருக விட்ட, நாற்காலி திட்டும்." கிண்டினேன். கருகியது. அடியில் மட்டும். சாப்பிடும்போது கிளீட் பாதித் தட்டை ஒதுக்கினார். "அந்தாளு இருந்தா இந்நேரம் என்ன நாலு தடவ திட்டியிருப்பான். திட்டு வாங்காம எனக்குச் சோறு எறங்கல." இதைத் தங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவரே கடிதத்தைக் கொண்டுவருவதால் படித்துமுடித்ததும் ஒன்றும் தெரியாதது போல இருங்கள்.

ஆக, ஐயா.

கீறலே விழக்கூடாது என்றீர்கள். விழுந்ததைக் கீறல் என்று சொல்லமுடியாது, அதைவிடப் பெரிது. பந்தல் போனது என்னால். தொப்பி போனது என்னால். வாடை, வலை, படி, கரடி என்னால். நேராக நின்றதும் என்னால்தான், ஆனால் அதைத் தராசின் மறுதட்டில் வைத்துக் கேட்கும் எண்ணம் இல்லை. தங்கள் நிபந்தனைப்படி ரேலினைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. அதை அறிந்தே ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வெள்ளியன்று இரவு காரில் படுக்கப் போனவள் ஜன்னலை இறக்கி, "நாறுற. ஆனா வா, ஒரு நிமிஷம் நில்லு" என்றாள். நின்றேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னால் ஆயுள் முழுக்க நிற்பேன் போலிருந்தது. இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்கு வரவில்லை.

ஒலேட்டா அவர்களுக்கும் பூதக்கண்ணாடிக்கும் என் வணக்கம். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை விடாமல் செய்யவும் என்று ரேலின் சொல்லச் சொன்னாள். தாங்கள் நீண்ட நாள் நலமோடும் கோபமில்லாமலும் வாழவேண்டும் என்பது என் பிரார்த்தனை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நலம்.

தங்கள் மருமகனாக ஆகியிருக்கக்கூடிய,
வெஸ்டன் ப்ரூயிட்

பி.கு.: இந்தாய்யா ஹோபர்ட்டு, இது வில்மா. கவர ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். நான் படிப்பேன்னு தெரிஞ்சே மேசை மேல வெச்சுட்டுப் போயிருக்கான், அவ்வளவு வெவரம். இதுல இருக்கறது பூராப் பொய்யி. கோவில் வாசல்ல அவன எறங்கச் சொல்லிட்டு நாந்தான் ஸ்டியரிங்கப் புடிச்சேன். மீனுக்கு ஆன கதி மலைக்கு ஆவக்கூடாதுன்னு. பந்தலக் கிழிச்சது நானு. தொப்பிய எறக்குனது நானு. கதவத் தொறந்து வெச்சது நானு. கரடிய மட்டும் நான் கூப்புடல. எம்மேல பழி வரக்கூடாதுன்னு பையன் எல்லாத்தையும் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டான். நான் கேக்கல. அவனா எழுதறான். போட்டுக்கட்டும், சின்ன வயசு, தாங்குவான், அப்புறமாச் சொல்லிக்கலாம்னு பேசாமத்தான் இருந்தேன். ஆனா ரிவர்சப் பத்தி எழுதியிருக்கான் பாரு, "எனக்குள் இப்படி ஒரு திறமை"ன்னு. அங்கதான்யா எனக்குப் பத்திக்கிச்சு. பழிய எவன் வேணா எடுத்துக்கட்டும். அந்த ரிவர்ஸ் என்னோடது. பத்தொம்பது வருஷமாப் பின்னாடி நின்னு ஒன் திட்ட வாங்கிக்கிட்டே கை காட்டுனவ, அந்த வண்டியோட ஒடம்பு எனக்குப் பிடிபடாம ஒனக்கா பிடிபடும்? பையன் பின்னாடி நின்னு வாயத் தொறந்தபடி பாத்துக்கிட்டிருந்தான். நம்பலைன்னா கடுதாசி கொண்டாந்தவனையே கேளு. அவன் கண்ணுல புரையும் இல்ல ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு. நீ சொன்னது என்ன? "நீ ஓட்டி, அவ மேல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா." அவன் ஓட்டுனது வாசல்லேர்ந்து கோவில் வரைக்கும். அதுல வண்டிக்குக் கீறல் இல்லைன்னு ஒன் தங்கச்சியே கண்ணாடி வெச்சுப் பாத்துச் சொல்லிட்டா. ஒன் வாயாலயே மாப்பிள்ளை ஜெயிச்சுட்டாரு. பொய் சொல்லத் தெரியல, உருளைக்கெழங்கு கிண்டத் தெரியல, ரெண்டையும் நாம சொல்லிக்குடுத்துக்கலாம். எலை செவக்கற மாசத்துல, இங்க, அத்திமரத்தடியில கல்யாணம். கிளீட்டு நாற்காலி போடறேங்கறான்.

நாளைக்கு மத்தியானம் நாந்தான் ஓட்டிக்கிட்டு வர்றேன். எடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் அடிக்கும், அதனால நான் வர்றது ஒனக்குக் கேக்கும். கம்ப ஊனிக்கிட்டு வாசலுக்கு வந்து, வண்டிக்குப் பின்னாடி நின்னு கை காட்டு.

நான் கத்த மாட்டேன்.